பாலர் பருவ வளர்ச்சிப் படிகளை உற்றுநோக்கல் (புக்கிட் மேரா, சிங்கப்பூர்)

பெரும்பாலான குழந்தைகள் ஏறக்குறைய ஒரே வயதில் செய்யத் தொடங்கும் செயல்களை வளர்ச்சிப் படிகள் என்கிறோம். நடப்பது, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவது, வட்டம் வரைவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது ஆகியவை எடுத்துக்காட்டுகள். இவற்றைப் பெற்றோரும் ஆசிரியரும் அன்றாடச் சூழலில் கவனித்து, தேதியிட்டுக் குறித்து, தேவைப்படும்போது மருத்துவரிடம் கொண்டு செல்வதே வளர்ச்சி உற்றுநோக்கல். குழந்தைகளை வரிசைப்படுத்துவது இதன் வேலை அன்று. உதவி தேவைப்படும் குழந்தையை, உதவி மிகுந்த பயன் தரும் வயதிலேயே அடையாளம் காண்பது இதன் ஒரே நோக்கம்.

சிங்கப்பூரில் பாலர் பருவம் என்பது நர்சரி முதல் கிண்டர்கார்டன் இரண்டாம் ஆண்டு வரையிலான காலம், அதாவது ஏறக்குறைய 3 முதல் 6 வயது வரை. குழந்தைக்கு 7 வயது நிறையும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று தொடங்கிவிடும். புக்கிட் மேரா வட்டாரம் இத்துறையில் இரண்டு காரணங்களால் குறிப்பிடத்தக்கது. குறைந்த வருமானக் குடும்பங்களின் குழந்தைகளுக்கான கிட்ஸ்டார்ட் திட்டம் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் பயிலும் நாட்டின் முதல் அரவணைப்புப் பாலர் பள்ளியும் இங்குதான் திறக்கப்பட்டது.

வட்டாரம்

புக்கிட் மேரா சிங்கப்பூரின் மத்திய வட்டாரத்தின் தென்பகுதியில் உள்ளது. தியோங் பாரு, ரெட்ஹில், ஹெண்டர்சன், தெலுக் பிளாங்கா முதலிய குடியிருப்புகள் இதில் அடங்கும். நாட்டின் பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகள் சில இங்கே உள்ளன. சொந்த வீட்டுக் குடும்பங்களும் வாடகை வீட்டுக் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகளும், நாள் முழுவதும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இருக்கும் பிள்ளைகளும், இல்லப் பணிப்பெண்ணின் கவனிப்பில் இருக்கும் பிள்ளைகளும் ஒரே புளோக்கில் காணப்படுவார்கள். ஒரு குழந்தையை யார் நாள்தோறும் பார்க்கிறார் என்பதற்கு இங்கே ஒரே விடை கிடையாது. உற்றுநோக்கல் பற்றிய பேச்சு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வரலாறு

தமிழ் மரபுக்கு இந்தக் கவனிப்பு புதிதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. தலையையும் உடலையும் நிமிர்த்தி அசையும் செங்கீரை ஐந்தாம் மாத அளவிலும், கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாத அளவிலும் வைக்கப்படுகின்றன. தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவமும், நிலவைச் சுட்டிக்காட்டும் அம்புலிப் பருவமும் அவற்றை அடுத்து வருகின்றன. இன்றைய மருத்துவர்கள் தேடும் தலை நிலைப்பு, கை ஒருங்கிணைப்பு, ஒரே பொருளை இருவர் சேர்ந்து நோக்குதல் ஆகியவற்றைப் புலவர்கள் தம் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

அறிவியல் முறையிலான பதிவு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் 1911இல் தொடங்கிய குழந்தை ஆய்வகத்தோடு வலுப்பெற்றது. 1967இல் வில்லியம் ஃபிராங்கன்பர்க்கும் ஜோசையா டாட்ஸும் டென்வர் வளர்ச்சிப் பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு செயலையும் 25, 50, 75, 90 விழுக்காட்டுக் குழந்தைகள் எந்த வயதில் செய்கிறார்கள் என்று அது பட்டை வரைபடமாகக் காட்டியது. இதனால் ‘சராசரி வயது’ என்ற ஒற்றை எண்ணின் இடத்தில் ஒரு கால இடைவெளி வந்தது. 1992இல் அதன் திருத்திய பதிப்பான டென்வர் 2 வெளிவந்தது.

சிங்கப்பூரில் குழந்தை நலப் பணி இதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1920களின் பிற்பகுதியில் ஐடா சிம்மன்ஸ் என்ற பொதுச் சுகாதாரத் தாதி கிராமப்புற வீடுகளுக்குச் சென்று தாய்மார்களைச் சந்திக்கும் பணியைக் கட்டியெழுப்பினார். அன்று இலக்கு குழந்தை உயிர் பிழைப்பது. பிறகு எடையும் உயரமும் கவனம் பெற்றன. உயிருக்கும் உணவுக்கும் உத்தரவாதம் கிடைத்த பின்னரே பேச்சும் விளையாட்டும் பழகும் விதமும் மருத்துவரின் கேள்விப் பட்டியலில் ஏறின. 1994இல் டென்வர் பரிசோதனையைச் சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு ஏற்பத் தரப்படுத்திய ஆய்வு சிங்கப்பூர் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகோலை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது என்ற தெளிவு அதில் இருந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆறு உடலியக்கப் படிகளின் அளவீடு அந்தத் தெளிவை இன்னும் உறுதிப்படுத்தியது. அதன்படி, உடல்நலமுள்ள குழந்தை உதவியின்றி நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. ஆய்வுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அவர்களும் நன்றாக நடந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது, நான்கில் மூன்று குழந்தைகளாவது செய்யும் செயல்களை மட்டுமே அந்தந்த வயதுக்கு எதிரே வைத்தது. தவழ்தலைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

பாலர் பருவத்தில் கவனிக்க வேண்டியவை

சிங்கப்பூரில் பின்பற்றப்படும் டென்வர் மரபு வளர்ச்சியை நான்கு துறைகளாகப் பிரிக்கிறது: பழகுதலும் தன் வேலையைத் தானே செய்தலும், விரல் நுணுக்கம், மொழி, உடலியக்கம். கீழ்க்காண்பவை பரவலாக ஏற்கப்பட்ட பொது வழிகாட்டிகள்.

மூன்று வயதில்: யார், என்ன, எங்கே என்று கேட்பது, இரண்டு முறையாவது மாறி மாறிப் பேசுவது, வரைந்து காட்டினால் வட்டம் வரைவது, சில உடைகளைத் தானே அணிவது, பெற்றோர் விட்டுச் சென்றால் சற்று அழுது, சில நிமிடங்களில் அமைதியடைவது.

நான்கு வயதில்: ஆசிரியர், பஸ் ஓட்டுநர் என வேடமிட்டு விளையாடுவது, பழகிய கதையில் அடுத்து என்ன வரும் என்று சொல்வது, சில நிறங்களின் பெயர் சொல்வது, மூன்று உறுப்புகளாவது உள்ள மனித உருவம் வரைவது, பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடிப்பது, சில பொத்தான்களைக் கழற்றுவது.

ஐந்து வயதில்: விளையாட்டு விதிக்குக் கட்டுப்படுவது, இரண்டு நிகழ்ச்சிகளாவது உள்ள கதையைச் சொல்வது, பத்து வரை எண்ணுவது, தன் பெயரில் சில எழுத்துகளை எழுதுவது, ஒற்றைக் காலில் குதிப்பது, ஒரே வேலையில் ஐந்து முதல் பத்து நிமிடம் நிலைத்திருப்பது. திரை பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது.

ஒரு செயல் தவறினாலே கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு துறையில் பல செயல்கள் தவறுவதும், பல துறைகளில் ஒரே நேரத்தில் பின்தங்குவதும், முன்பு செய்த ஒன்றை இழப்பதும் மருத்துவரிடம் சொல்லப்பட வேண்டியவை. பேசிய சொற்களையோ பழகிய திறனையோ குழந்தை இழந்தால், வயது எதுவானாலும் காத்திருக்கக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்தே வயதைக் கணக்கிட வேண்டும்.

சுகாதாரக் கையேடும் மருந்தகமும்

சிங்கப்பூரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சுகாதாரக் கையேடு வழங்கப்படுகிறது. தடுப்பூசிப் பதிவு, எடை, உயர வரைபடம் ஆகியவற்றோடு, பெற்றோர் நிரப்ப வேண்டிய வளர்ச்சிப் பட்டியலும் அதில் உண்டு. பிறந்த சில வாரங்களில் தொடங்கும் வளர்ச்சிப் பரிசோதனைகளின் வரிசையில் பாலர் பருவத்துக்கு உரியவை இரண்டு: மூன்று வயதை ஒட்டி ஒன்று, 4 முதல் 6 வயதுக்குள் ஒன்று. புக்கிட் மேரா குடும்பங்கள் சிங்ஹெல்த் சுகாதாரக் குழுமம் நடத்தும் புக்கிட் மேரா பலதுறை மருந்தகத்திலோ தனியார் மருந்தகத்திலோ இவற்றைச் செய்துகொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது. குழந்தைப் பருவத் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை 18 மாதத்தோடு முடிந்துவிடுகின்றன. அதுவரை ஊசிக்காகச் செல்லும் பெற்றோர் வளர்ச்சிப் பரிசோதனையையும் சேர்த்தே முடித்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு, காய்ச்சல் சளி தவிர மருந்தகத்துக்குப் போகக் காரணம் குறைகிறது. நோயில்லாத பிள்ளையை எதற்கு மருத்துவரிடம் காட்டுவது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. பேச்சு, பழக்கம், கவனம் ஆகியவற்றில் சிக்கல்கள் தெளிவாகத் தெரியும் வயதிலேயே மருத்துவரின் பார்வை அரிதாகிறது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் பாலர் பள்ளி ஆசிரியர்கள்.

பாலர் பள்ளியில் உற்றுநோக்கல்

2013 ஏப்ரல் 1 முதல் பாலர் பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களையும் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு மேற்பார்வையிடுகிறது. கல்வி அமைச்சு 2003இல் வெளியிட்ட பாலர் பாடத்திட்ட வழிகாட்டி 2012இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டது. எழுத்துத் தேர்வால் அளக்காமல், விளையாட்டிலும் அன்றாட வேலையிலும் குழந்தையைக் கவனித்து மதிப்பிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. குறிப்பெழுதுதல், பட்டியல், ஓவியங்களின் தொகுப்பு, நிழற்படம் ஆகியவை வழக்கிலுள்ள கருவிகள். நியூசிலாந்தின் மார்கரெட் கார் உருவாக்கிய கற்றல் கதை முறையும் பல பள்ளிகளில் கையாளப்படுகிறது. குழந்தை செய்த ஒன்றை ஆசிரியர் கதையாக எழுதிப் பெற்றோரிடம் பகிர்வது அதன் வடிவம்.

நல்ல குறிப்பில் கண்டதும் கேட்டதும் மட்டுமே இருக்கும். “சோம்பல், சொன்ன பேச்சு கேட்பதில்லை” என்பது தீர்ப்பு. அதை வைத்து எந்த மருத்துவரும் எதுவும் செய்ய முடியாது. “பின்னாலிருந்து பெயர் சொல்லி மூன்று முறை அழைத்தபோது திரும்பவில்லை, தோளைத் தொட்டதும் திரும்பிச் சிரித்தான், சத்தமில்லாத அறையில் முதல் அழைப்புக்கே திரும்பினான்” என்பது உற்றுநோக்கல். இரண்டாவது குறிப்பைப் படிக்கும் மருத்துவர் முதலில் காதைப் பரிசோதிப்பார். பேச்சுத் தாமதம் என்றும் பிடிவாதம் என்றும் எண்ணப்படும் சிலவற்றுக்குப் பின்னால் கேட்டல் குறையோ, காதில் நீர் தேங்கலோ, பார்வைக் குறையோ இருக்கலாம்.

குறிப்பு ஒரே நாளில் முடிவதுமில்லை. பள்ளியில் சேர்ந்த முதல் வாரங்களிலும், வீட்டில் தம்பி தங்கை பிறந்த நாள்களிலும், நோயிலிருந்து எழுந்த பிறகும் குழந்தையின் நடத்தை மாறும். வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம், வெவ்வேறு வேலை என்று பல குறிப்புகள் சேர்ந்த பிறகே போக்கு தெரியும்.

பல மொழிச் சூழலில் வளரும் குழந்தை

சிங்கப்பூர்த் தமிழ்க் குழந்தையின் மொழி வளர்ச்சியை மதிப்பிடுவதில்தான் பிழைகள் அதிகம் நேர்கின்றன. வீட்டில் பாட்டியிடம் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் மலாயும் மாண்டரினும் என அதன் காது பழகுகிறது. இரு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாகாது என்பது ஆய்வுகளின் நிலையான முடிவு. ஆங்கிலத்தில் 30 சொற்களும் தமிழில் 40 சொற்களும் பேசும் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் எண்ணினால் பின்தங்கியதாகத் தோன்றும். இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். உண்மையான மொழித் தாமதமுள்ள குழந்தைக்கு அது இரு மொழியிலும் தெரியும்.

வாக்கிய நீளத்திலும் இதே கவனம் தேவை. நான்கு வயதில் நான்கு சொல் வாக்கியம் என்ற அளவு ஆங்கிலத்தை வைத்து வகுக்கப்பட்டது. தமிழில் “போகமாட்டேன்” என்ற ஒரே சொல்லில் செயலும் மறுப்பும் பேசுபவரும் அடங்கிவிடுகின்றன. தமிழில் பேசும் குழந்தையிடம் சொற்களின் எண்ணிக்கையைவிட, காலம் காட்டும் இடைநிலைகளும், இடமும் எண்ணும் காட்டும் விகுதிகளும் சரியாக வருகின்றனவா என்பதே கூடுதலாகச் சொல்லும். ர, ழ போன்ற ஒலிகள் பல குழந்தைகளிடம் தாமதமாகவே தெளிவடைகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பல பாலர் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்பட்டாலும் எல்லாவற்றிலும் இல்லை. ஆங்கில ஆசிரியர் மட்டுமே உள்ள வகுப்பில், தமிழ்ப் பேச்சைப் பற்றிய தகவலைப் பெற்றோரும் தாத்தா பாட்டியும்தான் தர முடியும். வீட்டில் குழந்தை பேசியதை எழுதிக் கொடுப்பதும், சில நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து காட்டுவதும் பயனுள்ளவை. பேச்சு தாமதமானால் உடனே தமிழை நிறுத்திவிட வேண்டும் என்று எண்ணும் பெற்றோர் உண்டு. அப்படி நிறுத்தினால் குழந்தை தன்னிடம் அதிகம் பேசும் பாட்டியை இழக்கும். பேச்சு கூடுவதற்கு மாறாக, பேசும் வாய்ப்பு குறையும்.

தன் வேலையைத் தானே செய்தலிலும் வீட்டுச் சூழலைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதிலும் பாட்டி ஊட்டிவிட, பணிப்பெண் சட்டை மாட்டிவிட வளரும் பிள்ளை பொத்தான் போடாவிட்டால், அது திறன் இல்லாமையா, வாய்ப்பு இல்லாமையா என்று முதலில் கேட்க வேண்டும். சில வாரம் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

கிட்ஸ்டார்ட்

2016இல் கிரேத்தா ஆயர், புக்கிட் மேரா, தாமான் ஜூரோங், பூன் லே, கேலாங் சிராய் ஆகிய வட்டாரங்களில் கிட்ஸ்டார்ட் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. ஏறக்குறைய 1,000 குழந்தைகளை இலக்காகக் கொண்ட அத்திட்டம் மூன்று அடுக்குகளைக் கொண்டது. கருவுற்ற காலத்திலிருந்தே வீட்டுக்கு வந்து வழிகாட்டுவது முதல் அடுக்கு. ஒன்று முதல் மூன்று வயது வரை பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து வரும் விளையாட்டுக் குழு இரண்டாவது. பாலர் பள்ளியில் வருகையையும் வளர்ச்சியையும் தொடர்ந்து கவனிக்கும் கூடுதல் ஆதரவு மூன்றாவது. 2020 முதல் மேலும் 5,000 குழந்தைகளைச் சேர்க்கும் விரிவாக்கம் பின்னர் அறிவிக்கப்பட்டது.

இத்திட்டத்தின் சிறப்பு அது உற்றுநோக்கும் இடத்தில் இருக்கிறது. மருந்தக அறையில் புதியவர் முன் வாயே திறக்காத குழந்தை, தன் வீட்டுக் கூடத்தில் வேறு பிள்ளையாக இருக்கும். இரண்டு வேலை பார்க்கும் தாயிடம் மருந்தகத்துக்கு வரச் சொல்வதைவிட, அவர் வீட்டுக்கதவைத் தட்டுவது நியாயமான வழி. பயிற்சி பெற்ற ஊழியர் தாயோடு சேர்ந்து குழந்தையைக் கவனிக்கும்போது, அந்தத் தாயே அடுத்த முறை கவனிப்பவராகிறார்.

ஐயம் எழுந்தபின்

உற்றுநோக்கலும் முதற்கட்டப் பரிசோதனையும் நோய் நிர்ணயம் ஆகா. ஐயம் எழுந்தால் பலதுறை மருந்தக மருத்துவர் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சித் துறைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ அனுப்பிவைப்பார். அங்கே குழந்தை மருத்துவர், பேச்சு சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் சேர்ந்து மதிப்பிடுகிறார்கள்.

ஆதரவு தேவையின் அளவுக்கேற்ப அமைகிறது. மிதமானது முதல் கடுமையானது வரையிலான தேவையுள்ள 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு, ஆங்கிலத்தில் இபிக் எனச் சுருக்கி அழைக்கப்படும் தொடக்ககாலத் தலையீட்டுத் திட்டம் 2003 முதல் உண்டு. குறைந்த தேவையுள்ளவர்களுக்குப் பாலர் பள்ளிக்குள்ளேயே கற்றல் ஆதரவு ஆசிரியரும் சிகிச்சையாளரும் உதவும் திட்டம் 2012இல் வந்தது. கேகே மருத்துவமனை 2009இல் லியன் அறநிறுவனத்துடன் சேர்ந்து பாலர் பள்ளிகளில் நடத்திய முயற்சி இதற்கு வழிகாட்டி. பின்னர் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் பிரிவு அமைந்தது. அதில் பெற்றோரும் உடனிருந்து பயிற்சி பெறுகிறார்கள்.

புக்கிட் மேராவின் லெங்கோக் பாரு தெருவில், முன்னாள் தொழிற்பயிற்சிக் கழக வளாகத்தில், உடற்குறையுள்ளோரும் மற்றவர்களும் கூடும் மையமான எனேபலிங் வில்லேஜ் 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கேதான் ஆவா என்ற சமூக சேவை அமைப்பின் கிண்டில் கார்டன் பாலர் பள்ளி 2016 ஜனவரியில் தொடங்கியது. நடக்கும் பிள்ளையும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் ஒரே பாட்டைப் பாடும் வகுப்பு அது. தியோங் பாருவில் தலைமையகம் கொண்ட எஸ்பிடி அமைப்பு 1964 முதல் உடற்குறையுள்ளோருக்குப் பணியாற்றி வருகிறது. தொடக்ககாலத் தலையீட்டு மையங்களையும் நடத்துகிறது.

தடைகள்

பெரிய தடை வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. “அவன் அப்பாவும் மூணு வயசுலதான் வாய் திறந்தான்”, “பையன்னா மெதுவாத்தான் பேசுவான்” என்ற ஆறுதல் சொற்கள் அன்பினால் வருபவை. சில குழந்தைகள் விஷயத்தில் அவை சரியாகவும் அமைந்துவிடும். எந்தக் குழந்தை விஷயத்தில் சரி என்பதை முன்கூட்டி அறிய யாராலும் முடியாது. பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் இழப்பு ஒரு முற்பகல். பார்க்காமல் விட்டு ஏதேனும் இருந்திருந்தால் இழப்பு திரும்பி வராத ஆண்டுகள். நிபுணரைப் பார்க்கச் சில மாதங்கள் காத்திருக்க நேரலாம் என்பதால், ஐயம் எழுந்த நாளிலேயே பெயரைப் பதிவு செய்வது அறிவுடைமை.

மற்றொரு தடை ஒப்பீடு. பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு வயதிலேயே படிக்கிறது என்ற பேச்சு, வளர்ச்சிப் பட்டியலைத் தேர்வுத்தாளாக மாற்றிவிடுகிறது. அப்போது பெற்றோர் தவறியதை மறைக்கத் தொடங்குவார்கள்; கையேட்டில் எல்லாக் கட்டத்திலும் சரிக்குறி விழும். உண்மையை எழுதாத கையேடு மருத்துவருக்கும் பயன்படாது, பிள்ளைக்கும் பயன்படாது.

கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எனவே 7 வயதில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளி வாசலில் நிற்பார்கள். அவர்கள் எவ்வளவு ஆயத்தத்தோடு நிற்கிறார்கள் என்பது அதற்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளில் யார் கவனித்தார்கள், கவனித்ததை யாரிடம் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு வயதைக் கடந்த பிள்ளை வீட்டில் இருந்தால், சுகாதாரக் கையேட்டை எடுத்து 4–6 வயதுப் பக்கம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, வெறுமையாக இருந்தால் இந்த வாரமே மருந்தகத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.